பெலிசம்மாவின் உப்பு

மகளிர் குழுக் கட்டடத்தில், டிவித் திரையில் எர்னெஸ்டோவின் முகம் வந்ததும் பெண்கள் கைதட்டினார்கள். புயல் செய்தி கேட்ட நாளிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிருந்த சூர்யகலாவும் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டாள். பிறகுதான் அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் கவனித்தாள். வழக்கமாக அவனுக்குப் பின்னால் தெரியும் நீலச் சுவரும், சுவரில் சாய்த்து வைத்த சைக்கிளும் இல்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் வராந்தா. பாய்கள், மூட்டைகள், கரி பிடித்த பாத்திரங்கள், நடுவில் யார் யாருடையவோ நீட்டிய கால்கள். அவன் சிரிக்கவில்லை.

"எல்லாரும் வந்திருக்கிறார்களா, கலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"வந்திருக்கிறார்கள்."

"அந்தோணியம்மாள்?"

அந்தோணியம்மாள் முன்வரிசையில்தான் இருந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய்க் குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டி வந்திருந்தாள். தன் பெயர் காதில் விழுந்ததும் திரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "பெலிசம்மா எங்க கலா? உள்ள இருக்குதா? கூப்புடச் சொல்லு. இத்தினி நாளா போன எடுக்காம இன்னா பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு கேக்கணும்."

பெலிஸ்மினா என்பதுதான் பெயர். மரக்காணத்துப் பெண்களின் வாயில் முதல் நாளே அது பெலிசம்மா ஆகிவிட்டது. மொசாம்பிக் நாட்டில், கடலோரத்தில் ஓர் ஊர். அந்த ஊருக்கும் ஒரு பெயர் உண்டு என்றாலும் யாருக்கும் சரியாக வராததால் பெலிசம்மா ஊர் என்றே சொல்லிக்கொண்டார்கள். சூர்யகலா வேலை பார்த்த அறக்கட்டளை, கடலோரத்துப் பெண்கள் குழுக்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் வேலையைச் செய்தது. ஓர் ஊருக்குத் தெரிந்ததை இன்னொரு ஊர் கற்றுக்கொள்ள வேண்டும். என்ன கற்பது என்பதை அந்தந்த ஊர்ப் பெண்களே முடிவுசெய்ய வேண்டும். வெளியாட்கள் நடுவில் நின்று பேச்சை மொழிமாற்றிச் சொன்னால் போதும். அப்படித்தான் அந்த ஏற்பாட்டை எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைத்தபடியே அது நடந்தது என்பது சூர்யகலாவுக்கே ஆச்சரியம்.

பெலிசம்மா ஊரில் சேற்றைக் கரைத்து வடிகட்டி, அந்த உப்புத் தண்ணீரைப் பெரிய சட்டிகளில் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். அடுப்புக்கு அலையாத்தி மரங்களைத்தான் வெட்டினார்கள். காடு சுருங்கச் சுருங்கக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் முறை பேசியபோது, புகையில் சிவந்துபோன கண்களோடு பெலிஸ்மினா சட்டியைக் காட்ட, அந்தோணியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க ஊருல வெயிலே அடிக்காதா?" என்று கேட்டாள். சூர்யகலா அதை ஆங்கிலத்தில் சொல்ல, எர்னெஸ்டோ அவர்கள் மொழியில் சொல்ல, அந்தப் பக்கம் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அங்கே தொடங்கியதுதான். இரண்டு பருவமாக மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, பாத்தி எப்படிக் கட்டுவது, தண்ணீரை எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு விடுவது, மேலே எப்போது பால் ஆடை மாதிரிப் படியும் என்று அந்தோணியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். 'பதம்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் சூர்யகலா திணறியபோது, பெலிஸ்மினாவே "பதம், பதம்" என்று அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு அவர்கள் அலையாத்தி நாற்று வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் முழங்கால் உயரத்துக்கு இன்று நிற்கும் செடிகளெல்லாம் அந்தப் பேச்சில் முளைத்தவை.

வேலைப் பேச்சு முடிந்த பிறகு இரண்டு பேரும் சொந்தப் பேச்சு பேசுவார்கள். இரண்டு பேருக்குமே புருஷன் இல்லை. அந்தோணியம்மாளின் புருஷன் குடித்துச் செத்தான்; பெலிஸ்மினாவின் புருஷன் தென்னாப்பிரிக்காவில் சுரங்க வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. "உன்னுது பரவால்ல, எங்கியோ இருக்கான்னு நெனச்சிக்கலாம்" என்பாள் அந்தோணியம்மாள். "உன்னுடையதுதான் பரவாயில்லை, எங்கே இருக்கிறான் என்று தெரியும்" என்று அங்கிருந்து பதில் வரும். சொந்த ஊரில் யாரோடும் உட்கார்ந்து சிரித்துப் பேசாத அந்தோணியம்மாள் அந்த டிவிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் வேறு மனுஷியாக இருந்தாள்.

எர்னெஸ்டோ சொல்லத் தொடங்கினான். சூர்யகலாவுக்கு முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. அந்த அறைக்குள் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்பவள் அவள்தான். நல்ல செய்தியாக இருந்தால், மற்றவர்களுக்குச் சொல்லுமுன் அதைத் தனக்கென்று வைத்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளி இனிப்பாக இருக்கும். இன்றைக்கு அவள் அதற்குள் மாட்டிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அந்தோணியம்மாளின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"பெலிசம்மா செத்துப்போச்சாங்க்கா" என்றாள் சூர்யகலா.

யாரோ "ஐயோ மாதாவே" என்றார்கள். பின்வரிசையில் செந்தமிழ் என்ற பெண் வாய்விட்டு அழத் தொடங்கினாள். அந்தோணியம்மாள் மட்டும் அசையவில்லை. திரையைப் பார்த்து, எர்னெஸ்டோவைப் பார்த்து, மறுபடி சூர்யகலாவைப் பார்த்து, "எப்பிடி?" என்றாள்.

எர்னெஸ்டோ நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சாயங்காலம் காற்று திரும்பியது. ஊர் முழுக்க மேட்டிலிருந்த தேவாலயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெலிஸ்மினாவும் அவள் அக்காவும் மட்டும் உப்புப் பாத்திகளுக்குப் போனார்கள். இந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக நிறைய விளைந்திருந்தது. குவித்து வைத்திருந்தார்கள். "மழை வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போய் உப்பை மூடு என்று இந்தியாவில் அந்தோணியம்மாள் சொல்லியிருக்கிறாள் என்று பெலிஸ்மினா அக்காவிடம் சொன்னாளாம். தண்ணீர் வந்தபோது அவள் உப்பை மூட ஓலை போட்டுக்கொண்டிருந்தாள்."

சூர்யகலா வாயைத் திறந்தாள். அந்தோணியம்மாள் முகத்தை ஏந்திக் காத்திருந்தாள், தண்ணீர் வாங்க நீட்டிய கை மாதிரி.

"மேட்டுக்கு ஏறச்சொல்லோ தண்ணி இழுத்துக்குச்சாங்க்கா."

"எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டான் எர்னெஸ்டோ.

"சொல்லிவிட்டேன்" என்றாள்.

*

அந்தோணியம்மாள் பூசை வைக்க வேண்டும் என்றாள். சூர்யகலா இந்து வீட்டுப் பெண்; ஆனாலும் கூடவே போனாள். பங்குச் சாமியார் பெயரைக் கேட்டார். பெலிஸ்மினா. முழுப் பெயர்? அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் பேசியிருக்கிறார்கள். அவள் கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த கதை தெரியும், அவளுக்கு எந்தக் கடைவாய்ப் பல் வலிக்கும் என்று தெரியும். தகப்பன் பெயர் தெரியாது. "பரவாயில்லம்மா, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் சாமியார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" அந்தோணியம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல், "தங்கச்சி சாமி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, தவக்காலத்துப் பூசையில், ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வந்தது. மொசாம்பிக் நாட்டைச் சேர்ந்த பெலிஸ்மினா அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் அவருடைய சகோதரி அந்தோணியம்மாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சூர்யகலா தலையைக் குனிந்துகொண்டாள். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடும்போது அந்தோணியம்மாள் கேட்டாள்:

"கலா, மேட்டுக்குப் போறவள எப்பிடிடீ தண்ணி இழுக்கும்? அது பயந்தாங்கொள்ளி. இடி இடிச்சாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்கும்னு சொல்லிச்சே. மொத ஆளா இல்ல ஏறியிருக்கும்?"

"தெர்லக்கா."

"புள்ளைங்கள வுட்டுட்டுப் போச்சா? அதுங்களத் தூக்கத் திரும்பி வந்துச்சா?"

"அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் சூர்யகலா.

இப்போது பொய் இரண்டாகிவிட்டது. அடுத்த முறை பார்த்தபோது, எந்தப் பிள்ளை, பெரியதா சின்னதா என்று கேட்டாள். அதற்கடுத்த முறை, பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்காமல் இவளை மட்டும் எப்படி இழுத்தது என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அவள் மனதுக்குள் அந்தக் கடைசி நேரத்தை ஓட்டிப் பார்க்கிறாள், எங்கேயோ ஓர் இடத்தில் இடறுகிறது, அந்த இடத்தைச் சரிசெய்துகொள்ள வருகிறாள். சூர்யகலா ஒவ்வொரு முறையும் ஒரு துண்டைச் செய்து கொடுத்தாள். இப்படியே போனால் பெலிஸ்மினாவுக்கு நடக்காத ஒரு சாவை முழுதாகக் கட்டி முடித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம் வந்தது. இரண்டு வருஷமாக ஒரு சொல் சிந்தாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தூக்கிப் போனவள் அவள். இரண்டு பக்கமும் அவளை நம்பித்தான் பேசினார்கள்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் அறிவழகனிடம் மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வுட்டுடும்மா. சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்தம்மா மேல தப்பா? இல்ல. ஆனா கேட்டா தப்புன்னுதான் நெனைக்கும். வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். அது தெரியாமயே இருக்கட்டும்." அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தோணியம்மாள் அடுத்த முறை கேட்கும்போது என்ன சொல்வதென்று அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலையில் உப்பளத்துக்குப் போனாள். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. ஈசிஆர் சாலையில் காரை நிறுத்தி யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மாள் பாத்திக்குள் நின்று, நீளக் கம்பில் மாட்டிய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். காலில் பழைய துணியைச் சுற்றியிருந்தாள். சூர்யகலாவைக் கண்டதும், "இன்னா இந்த நேரத்துல?" என்றாள்.

சூர்யகலா வரப்பில் நின்றபடியே சொன்னாள். எர்னெஸ்டோ சொன்ன வரிசையில், அவன் சொன்ன சொற்களில். ஓலை போட்டுக்கொண்டிருந்தாள் என்பது வரைக்கும். பிள்ளைகளைத் தூக்கத் திரும்பியதெல்லாம் தான் சொன்னது என்றும் சொன்னாள்.

பலகை உப்புக்குள் நின்றுவிட்டது. அந்தோணியம்மாள் இரண்டு கைகளையும் கம்பின் மேல் வைத்து, கைகளின் மேல் முகவாயை வைத்து, பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள், கையிலிருப்பதை வீசுவாள் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தாள் சூர்யகலா.

"எனக்கு அத யாரு சொன்னது தெரியுமா?" என்றாள் அந்தோணியம்மாள். "மேஸ்திரி. நான் கண்ணாலமாயி இங்க வந்த புதுசுல. வானம் கறுத்தா போதும், எல்லாத்தையும் வுட்டுட்டு ஓடிப்போயி உப்ப மூடுங்கடீன்னு கத்துவாரு. நாங்களும் மூடுவோம். காத்து பெருசா வந்துடுச்சுன்னா, போனா போவுது உங்க உப்புன்னு வூட்டுக்கு ஓடியாந்துடுவோம். எங்க உப்பா அது? எவன் உப்போ. அதுக்கு எவளாச்சும் சாவாளா?"

கம்பின் மேலிருந்து முகத்தை எடுத்தாள்.

"அது அவ உப்பு கலா. சொந்த உப்பு. அவ மண்ணு, அவ பாத்தி. நான் அத யோசிக்கவே இல்லியே. மூடுன்னு சொன்னேன். காத்து வந்தா வுட்டுட்டு ஓடுன்னு சொல்லலியே."

"உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்..."

"நீ போ. வெயில்ல நிக்காத."

பலகை மறுபடி நகர்ந்தது. அவள் இழுத்துக்கொண்டு போனாள், வரப்பில் கொட்டினாள், திரும்பி வந்தாள். சூர்யகலா நிற்கும் பக்கம் பார்க்கவே இல்லை.

*

அதன் பிறகு அந்தோணியம்மாள் கூட்டத்துக்கு வரவில்லை. கால்வாய்க் கரையில் நாற்று நட்ட அன்றும் வரவில்லை. வேலைக்குப் போனாள், வீட்டுக்கு வந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். "ஈஸ்டர் பூசைக்குக்கூட வரல கலா. கோயில் மணி அடிக்கச்சொல்லோ வாசல்ல குந்திக்கிட்டு இருந்துச்சு" என்றாள் செந்தமிழ். தன்னோடு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்தோணியம்மாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம், நான் எதச் சொன்னாலும் நல்லதா ஆவாது என்று.

தான் சொன்னதை அறிவழகனிடம் சூர்யகலா மறைக்கவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர், "உனக்கு இப்ப நிம்மதியா இருக்குதாம்மா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ராத்திரி படுத்தால் வரப்பில் நின்ற தன்னுடைய கால்கள்தான் கண்ணில் வந்தன. துணி சுற்றாத, செருப்புப் போட்ட கால்கள்.

ஈஸ்டர் கழிந்து சில வாரங்களில் எர்னெஸ்டோ கூப்பிட்டான். பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பாத்திகளில் மணல் ஏறிக் கிடக்கிறது. மறுபடி போடப் போகிறார்கள். மணலை என்ன செய்வது என்று கேட்க வேண்டும்.

"எங்கள் குழுவில் வேறு பெண்களும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்தான். அவர்கள் சொல்வார்கள்" என்றாள் சூர்யகலா.

"அந்தோணியம்மாளிடம்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள்."

"அவர்களுக்குத் தெரியுமல்லவா? பெலிஸ்மினா எதற்காகப் போனாள் என்று?"

"கலா, எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்" என்றான் அவன்.

அந்தோணியம்மாளின் வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "நான் வரல. நான் சொன்னதக் கேட்டு ஒருத்தி போனது பத்தாதா? இன்னும் யார அனுப்பச் சொல்ற?" என்றாள். சூர்யகலா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. கூட்டத்தின் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுச் சூர்யகலா திரும்பினாள்.

அன்று சாயங்காலம் திரையில் வெளிச்சமான ஓர் இடம் தெரிந்தது. வானம், மணல், பின்னால் முறிந்து கிடந்த தென்னைகள். ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நடுவில் ஒருத்தி. உயரமானவள், பெலிஸ்மினாவின் அதே அகன்ற நெற்றி. அக்காள் செலஸ்தீனா என்றான் எர்னெஸ்டோ. இந்தப் பக்கத்துப் பெண்கள் வணக்கம் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒருத்திக்காகக் காத்திருந்தது.

அந்தோணியம்மாள் வேலைப் புடவையிலேயே வந்தாள். காலில் உப்பு அப்படியே பூத்திருந்தது. உட்காரவில்லை. திரைக்கு முன்னால் வந்து நின்று, அந்த நெற்றியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். செலஸ்தீனா ஏதோ கேட்டாள். மணலைப் பற்றித்தான்.

"இருக்கட்டும்" என்றாள் அந்தோணியம்மாள். "மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும். கலா, ஒரு வார்த்த வுடாம சொல்லு."

சூர்யகலா தலையாட்டினாள்.

"மழ வந்தா மூடுன்னு சொன்னேன். அது கூலிக்கு வேல செய்யிறவளுக்குச் சொல்ற வார்த்த. உங்களுக்கு அது இல்ல. காத்து வந்தா வுட்டுடுங்க. கரைஞ்சா கரையட்டும். கடல்ல இருந்து வந்ததுதான, கடலுக்கே போவட்டும். மறுபடியும் எடுத்துக்கலாம். நீங்க ஓடிடுங்க. இத நான் மொதல்லியே சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன்."

சூர்யகலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். எர்னெஸ்டோ அதை வாங்கித் திரும்பிச் சொன்னான். செலஸ்தீனா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கொஞ்சமாகப் பேசினாள். எர்னெஸ்டோ அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

சூர்யகலா கேட்டுக்கொண்டாள். இந்த முறை எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

"அவங்க சொல்றாங்கக்கா: வுட்டுட்டு ஓடியாந்துடுன்னு நான் அவகிட்ட சொன்னேன். கையப் புடிச்சி இழுத்தேன். இந்த ஒரு குவியல் மட்டும்னு சொன்னா. நான் கைய வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அந்தோணியம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகவாயில் சொட்டியது; துடைக்கவில்லை. செலஸ்தீனா முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அதே கேள்வியை, குனிந்து ஒரு பிடி மணலை அள்ளித் திரைக்கு அருகில் காட்டி, மறுபடி கேட்டாள்.

"வாரிடு" என்றாள் அந்தோணியம்மாள். "ஒரு பொட்டு மணலு இருக்கக் கூடாது. இருந்தா தண்ணி கீழ எறங்கிடும். அடியில பழைய களிமண்ணு தெரியும் பாரு, அது வரைக்கும் வாரு. அது மேல புதுக் களிமண்ணப் போட்டு, தண்ணி தெளிச்சி மிதி. குதிகாலால மிதிக்காத, குழி வுழும். பாதம் முழுசா வைக்கணும்."

சூர்யகலா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, அந்தக் கட்டடத்தின் சிமெண்ட் தரையில் மிதித்துக் காட்டத் தொடங்கினாள். வலது, இடது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி வலது, இடது. காலிலிருந்து உப்பு உதிர்ந்தது. செந்தமிழ் எழுந்து அவள் பக்கத்தில் நின்று மிதித்தாள். வேறு சிலரும் எழுந்தார்கள். எர்னெஸ்டோ போனைக் கீழே தாழ்த்தினான். திரையில் முகங்கள் மறைந்து கால்கள் மட்டும் தெரிந்தன, கறுத்த, ஒல்லியான, சேறு காய்ந்த கால்கள். அவை மணலின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

அந்தோணியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால் படம் சற்றுத் தாமதித்துத்தான் வந்து சேரும். அறை அமைதியாகிவிட்டது. திரையில் கால்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன.